கியர்பாக்ஸ் போச்சு, கையில காசு இல்ல: என்ன பண்றது?

கேள்வி: என் லாரியில மூணாவது கியர் போட்டா தானா நழுவி நியூட்ரலுக்கு வந்துடுது, உள்ள கரகரன்னு சத்தம் வேற. மெக்கானிக் புது கியர்பாக்ஸ் மாத்தச் சொல்றார். அவ்வளவு பணம் இல்ல சார். பழையது வாங்கிப் போடலாமா?

பதில்: அவசரப்பட்டு எதையும் வாங்கிடாதீங்க. முதல்ல கியர்பாக்ஸ் ஆயிலை இறக்கிப் பாருங்க. மாவு மாதிரி மெல்லிசா இரும்புத்தூள் இருந்தா அது சாதாரண தேய்மானம்தான், ஆனா கியர் பல்லு துண்டு துண்டா வந்து விழுந்தா பாக்ஸைப் பிரிச்சே ஆகணும். ஒரே ஒரு கியர் மட்டும் நழுவுதுன்னா பெரும்பாலும் அந்தக் கியரோட சின்க்ரோ (கியர் விழறதுக்கு முன்னாடி வேகத்தைச் சமப்படுத்தற வளையம்), ஸ்லீவ் (கியரை ஷாஃப்டோட பிணைக்கற வளையம்), செலக்டர் ஃபோர்க் (அந்த ஸ்லீவைத் தள்ளற கவை), இல்லன்னா பேரிங்தான் தேஞ்சிருக்கும், சில சமயம் வெளிய இருக்கற லிவர் லிங்கேஜ் (கியர் லிவரை பாக்ஸோட இணைக்கற கம்பிகள்) லூசாகியே இந்தத் தொல்லை வரும், அதனால அதையும் பாத்துட்டு தேஞ்சதை மட்டும் மாத்தினாலே போதும். ஹவுசிங் (பாக்ஸோட வெளிக்கூடு) வெடிச்சு, ஷாஃப்டும் போயிருந்தாதான் பழைய பாக்ஸ் பக்கம் போகணும்.

அப்படி வாங்கினா மாடல் பேரை மட்டும் நம்பாதீங்க, இன்புட் ஷாஃப்ட்ல எத்தனை ஸ்ப்ளைன் (ஷாஃப்ட் மேல நீளவாக்குல இருக்கற பல்லு), கியர் ரேஷியோ என்ன, பெல் ஹவுசிங் (என்ஜினோட பாக்ஸைச் சேர்க்கற மணி வடிவக் கூடு) பொருந்துதான்னு உங்க பழையதோட பக்கத்துல வச்சுப் பாருங்க. ஷாஃப்டைக் கையால சுத்தி ஆட்டம் இருக்கான்னும் பாருங்க.

இன்னொண்ணு, பாக்ஸ் கீழ இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் (கிளட்ச்சை விடுவிக்கற பேரிங்) பாத்துடுங்க, இல்லன்னா பின்னாடி அதுக்காக பாக்ஸை இறக்க அதே கூலியை மறுபடி கொடுக்க வேண்டி வரும்.