பூட்டை அயல்நாட்டார் செய்தால் ரகசியம் தங்குமா?

அன்புள்ள ஐயா,

குவாண்டம் தகவல்தொடர்புக்கான, அதாவது ரகசியச் சாவிகளை ஒளித்துகள்களில் ஏற்றிப் பகிர்வதற்கான, ஒளிச் சில்லுகளைப் பல நாடுகள் சேர்ந்து உருவாக்குவதை வரவேற்று எழுதியிருந்தீர்கள். நான் பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் கற்பிக்கிறேன். ரகசியத்தைக் காக்கும் பூட்டை அயல்நாட்டாரிடம் செய்யக் கொடுத்தால் மாற்றுச் சாவி அவர்களிடமே இருக்காதா என்று என் மாணவர்கள் கேட்கிறார்கள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள நண்பருக்கு,

பூட்டைவிட, நம் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கன்டெய்னர் சீல், அதாவது சரக்குப் பெட்டியின் கதவில் போடும் எண்ணிட்ட முத்திரை, இங்கே பொருத்தமான உவமை. நான் ராயபுரத்தில் வளர்ந்தவன். துறைமுகத்தில் சரக்கைக் கணக்கெடுக்கும் டாலி கிளார்க்காக இருந்த என் தந்தை, பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன் சீலின் எண்ணைத்தான் பார்ப்பார். சீல் திருட்டைத் தடுப்பதில்லை. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்பதை மறைக்க முடியாமல் செய்கிறது. 1984இல் பெங்களூரில் நடந்த ஒரு மாநாட்டில் சார்லஸ் பென்னெட்டும் ஜில் பிரசார்டும் முன்வைத்த முறையின் சாரமும் இதுதான். ஃபோட்டான்கள் என்னும் ஒளித்துகள்களில் ஏற்றி அனுப்பப்படும் 0, 1 வரிசையை நடுவில் ஒருவர் அளந்து பார்த்தால் அவற்றின் நிலை கலைந்து, மறுமுனையில் பிழைகள் கூடும். அந்த வரிசையைக் கைவிட்டுவிடலாம். யாரும் கைவைக்காத வரிசையிலிருந்துதான் செய்தியைப் பூட்டும் சாவி கிடைக்கிறது. ஆகவே நேர்மையாகச் செய்யப்பட்ட கருவியில் சாவி ஆலையில் வார்க்கப்படுவதில்லை. இருவரும் கருவியை இயக்கும்போதுதான் அவர்களுக்கிடையே உருவாகிறது.

'நேர்மையாகச் செய்யப்பட்ட' என்ற அந்தச் சொல்லில்தான் உங்கள் மாணவர்களின் ஐயம் நிற்கிறது, நிற்கவும் வேண்டும். வரிசையைத் தரும் பகுதி உண்மையிலேயே தற்செயலாக இயங்குகிறதா, அல்லது ஆலையில் புகுத்திய பட்டியலை ஒப்பிக்கிறதா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. 2010இல் நார்வேயின் டிரோண்ட்ஹைமில் பணியாற்றிய குழு ஒன்று, விற்பனையில் இருந்த கருவிகளில் ஃபோட்டான்களைக் கண்டறியும் உணரிகளைப் பலமான ஒளியால் குருடாக்கி, சாவி முழுவதையும் பிழை ஏதும் காட்டாமல் எடுக்க முடியும் என்று நிரூபித்தது. இயற்பியல் விதி அங்கே தோற்கவில்லை, கருவிதான் விதியின்படி நடக்கவில்லை. எனக்கு இதில் ஆறுதல் தருவது, அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியே சொன்னவர்கள் அக்கருவிகளைச் செய்தவர்கள் அல்லர் என்பதே.

அப்படியானால் எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். ஒரே பொருளைக் கொண்டு இந்தச் சில்லுகளைச் செய்துவிட முடியாது என்பதுதான் சிக்கல். சிலிக்கான் ஒளியை அழகாக வழிநடத்தும், ஆனால் ஒளியை உமிழ்வதில் மிகவும் பலவீனமானது. லேசருக்கு இண்டியம் பாஸ்பைடு போன்ற வேறு பொருள் வேண்டும். 2017இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு செய்துகாட்டிய சில்லு இணைப்பிலும் அனுப்பும் சில்லு ஒரு பொருளாலும் பெறும் சில்லு வேறொரு பொருளாலும் ஆனவை. இண்டியம் பாஸ்பைடில் நெதர்லாந்தின் ஐந்தோவனும், சிலிக்கானில் பெல்ஜியத்தின் லூவனும் பல ஆண்டுகளாகத் தேர்ந்தவை. சிலிக்கான் ஒளிச் சில்லுகளுக்கென ஐஐடி மெட்ராஸிலும் ஒரு மையம் இருக்கிறது. இந்தக் கைத்திறன்களை ஒரே நாட்டுக்குள் முதலிலிருந்து வளர்த்தெடுக்க முயன்றால் காலமும் பணமும் அதிலேயே கரைந்துபோகும். எனவே செய்வதைப் பகிர்ந்துகொள்ளலாம், சோதிப்பதை மட்டும் யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

நம்பிக்கை தேவைப்படும் இடத்தைக் குறைக்கவும் வழி உண்டு. 2017இல் பெய்ஜிங்குக்கும் வியன்னாவுக்கும் இடையே சீனச் செயற்கைக்கோள் வழியாகச் சாவி பகிரப்பட்டபோது, அந்தச் செயற்கைக்கோளுக்கு இரு முனைகளின் சாவிகளும் தெரிந்திருந்தன. அதை நம்பித்தான் ஆகவேண்டியிருந்தது. 2012இல் முன்மொழியப்பட்ட வேறொரு முறையில் இரு முனைகளும் நடுவிலுள்ள நிலையத்துக்கு ஒளியை அனுப்புகின்றன. உணரிகள் முழுவதும் அந்த நிலையத்திலேயே இருப்பதால், அதை நடத்துபவர் பகையாளியாகவே இருந்தாலும் சாவி அவருக்குத் தெரியாது. இரண்டு நாடுகளுக்கு நடுவே இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் அறியேன். அனுப்பும் கருவிகளை மட்டும் அவரவர் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சரிபார்ப்பில் உங்கள் மாணவர்களுக்கு இடமிருக்கிறது. 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாயில் ஒப்புதல் பெற்ற தேசிய குவாண்டம் இயக்கத்தில், தகவல்தொடர்புக்கான மையம் ஐஐடி மெட்ராஸில் அமைந்திருக்கிறது. அது ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வேலை என்று வடசென்னைப் பிள்ளைகள் ஒதுங்கிவிடுவதை நான் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். முடியைவிட மெல்லிய ஒளிப்பாதையோடு கண்ணாடி இழையைப் பிசகாமல் பொருத்துவதும் இழப்பை அளப்பதும் டிப்ளமோ படித்த கைகள் பழகிக்கொள்ளக்கூடிய வேலைகள்.

வகுப்பில் ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். நல்ல இழையில் கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் இழப்பு. சென்னையிலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர், ஆக 70 டெசிபல். ஒவ்வொரு 10 டெசிபலுக்கும் ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும். அதாவது ஒரு கோடி ஃபோட்டான்களில் ஒன்றுதான் போய்ச் சேரும். அறியாத குவாண்டம் நிலையைப் படியெடுக்க முடியாது என்பது 1982இலேயே நிறுவப்பட்டதால், இடையில் ஒளியைப் பல மடங்காக்கும் வழக்கமான பெருக்கியை வைத்துச் சமாளிக்கவும் வழியில்லை. அப்படியானால் இடைநிலையங்கள் எந்த ஊர்களில் இருக்க வேண்டும், யார் பொறுப்பில் இருக்க வேண்டும் என்று அவர்களே விவாதிக்கட்டும். அவர்கள் வந்துசேரும் முடிவை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.