கையில பட்டு விழுந்த பந்து

கேள்வி: 1912 வேர்ல்டு சீரிஸ்ல ஃப்ரெட் ஸ்நாட்கிராஸ் கைக்கு வந்த கேட்சை விட்டு நியூயார்க் ஜயன்ட்ஸையே தோக்க வச்சாராமே, அப்படிப்பட்ட பேஸ்பால் பிளேயரை அதுக்கப்புறமும் எதுக்கு டீம்ல வச்சிருந்தாங்க?

பதில்: தோக்க வச்சாருன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த பத்தாவது இன்னிங்ஸை முழுசா பாருங்க (வழக்கமா ஒன்பது இன்னிங்ஸ்தான், சமமா இருந்தா கூடுதலா ஆடுவாங்க). அக்டோபர் 16, பாஸ்டன் ஃபென்வே பார்க், அமெரிக்காவோட ரெண்டு பெரிய லீக்லயும் ஜெயிச்ச டீம்கள் மோதுற வேர்ல்டு சீரிஸோட கடைசி மேட்ச், எதிர்ல பாஸ்டன் ரெட் சாக்ஸ். ஜயன்ட்ஸ் 2-1னு லீட்ல இருக்காங்க, மூணு பேரை அவுட் பண்ணா கப் அவங்களுக்கு. முதல்ல வந்த கிளைட் எங்கிள் தூக்கி அடிச்ச பந்து சென்டர் ஃபீல்டுல ஸ்நாட்கிராஸ்கிட்ட வருது, சுலபமான கேட்ச்தான், கிளவுஸ்ல பட்டு கீழ விழுந்துருச்சு, எங்கிள் ரெண்டாவது பேஸுக்குப் போயிட்டார். தப்புதான், அதை அவரே கடைசி வரைக்கும் மறைச்சதில்ல.

ஆனா அடுத்த ஆள் ஹேரி ஹூப்பர் பின்னாடி தள்ளி பலமா அடிச்ச பந்தை, எல்லாரும் ஹிட்னு (யாரும் பிடிக்க முடியாது, பேஸுக்குப் போயிடலாம்னு) நினைச்சதை, துரத்திட்டு ஓடிப் போய் பிடிச்சது யாரு? அதே ஸ்நாட்கிராஸ், கேட்சை விட்ட அடுத்த நிமிஷமே! அதை ஏன் யாரும் கேள்வியா அனுப்ப மாட்டேங்கிறீங்க?

அதுக்கப்புறம் ஜயன்ட்ஸோட பிட்சர் (பந்து போடுறவர்) மாத்யூசன் ஸ்டீவ் யெர்க்ஸுக்கு நாலு பால் வெளிய போட்டு ஃப்ரீயா முதல் பேஸ் கொடுத்தார். அடுத்து டிரிஸ் ஸ்பீக்கர் அடிச்சது முதல் பேஸ் பக்கமா கோட்டுக்கு வெளிய மேல எழும்புது, பிடிச்சிருந்தா அவுட், ஆனா முதல் பேஸ்ல நின்ன மெர்க்கிள், பேட்டருக்குப் பின்னாடி நிக்கிற கேட்சர் மேயர்ஸ், மாத்யூசன் மூணு பேருக்கும் நடுவுல யாரும் தொடாம விழுந்துச்சு. பிழைச்ச ஸ்பீக்கர் அடுத்து ஒரு ஹிட் அடிக்க எங்கிள் ஹோம் பேஸுக்கு ஓடி வந்து 2-2 ஆச்சு, கொஞ்ச நேரத்துல லேரி கார்ட்னர் அடிச்ச பந்துல யெர்க்ஸும் வந்துட்டார், 3-2, முடிஞ்சுது. பேஸ்பால்ல கையில பட்டு நழுவினா அந்த ஆள் பேர்ல எரர்னு எழுதுவாங்க, யாருமே தொடாம விழுந்த பந்துக்கு பொதுவா யார் பேர்லயும் எழுத மாட்டாங்க. பந்துகிட்ட போய்ச் சேர்ந்தவனுக்குத்தான் கெட்ட பேர், என்னால இதை நியாயம்னு ஒத்துக்கவே முடியல.

உங்க கேள்விக்கு மேனேஜர் ஜான் மெக்ராவே பதில் சொல்லியிருக்கார், அந்த கேட்சை விட்டதுக்கு அப்புறம் அவர் ஸ்நாட்கிராஸ் சம்பளத்தை 1,000 டாலர் கூட்டினார். 1908-ல கேட்சரா சேர்த்து பிறகு அவுட்ஃபீல்டுக்கு மாத்தினதே அவர்தான், 1910-ல இந்தப் பையன் பேட்டிங் ஆவரேஜ் .321 (ஆயிரத்துக்கு 321 ஹிட்ங்கிற கணக்கு), 1911, 1912, 1913னு வரிசையா மூணு வருஷம் ஜயன்ட்ஸ் லீக் ஜெயிச்சப்போ அவர் டீம்ல இருந்தார். பத்து நாள் ஒழுங்கா வேலை செய்றவனை ஒரு நாள் தப்புக்கு வெளிய அனுப்புற ஆள் இல்ல மெக்ரா.

1915-ல பாஸ்டன் பிரேவ்ஸ்ங்கிற வேற டீமுக்குப் போனார், 1916-ஓட பெரிய லீக் ஆட்டம் முடிஞ்சுது, ஒன்பது சீசன், மொத்த ஆவரேஜ் .275. பிறகு சொந்த ஊர்ப் பக்கம் கலிஃபோர்னியாவுக்கே திரும்பி வியாபாரம், பேங்க், தோட்டம்னு நல்லா வாழ்ந்து ஆக்ஸ்நார்ட் ஊருக்கு மேயராவும் இருந்தார். 1974 ஏப்ரல்ல 86 வயசுல இறந்தப்போ நியூயார்க் டைம்ஸ் போட்ட தலைப்புல மேயரும் இல்ல, ஹூப்பர் அடிச்சதைப் பிடிச்சதும் இல்ல, 1912-ல கேட்ச் விட்டவர் இறந்தார்னுதான் போட்டாங்க.