அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால்?

தங்கச்சி, மஸ்கெலியாவில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, வேதத்தைத் தலையணைக்கடியில் வைத்தாலே போதும் என்கிறார்கள், சரியா என்று கேட்டிருந்தீர்கள்.

போதாது. வேதாகமம் தாயத்து இல்லை. “விசுவாசம் கேள்வியினாலே வரும்” என்கிறது ரோமர் 10:17; கேள்வி என்றால் இங்கே காதால் கேட்பது. அப்போஸ்தலர் பவுலின் நிருபங்களையே, அதாவது கடிதங்களையே, சபையில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டார்கள் (கொலோசெயர் 4:16). அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை.

மலையிலிருந்து வந்து, கால் கழுவி, பிளேன்டீயோடு உட்காரும்போது 121ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். எட்டே வசனம். “பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்” என்பதற்கு, தினமும் மலை ஏறுகிறவருக்கு விளக்கவுரை எதற்கு? அதையே திரும்பத் திரும்ப வாசித்தால் அவருக்குப் பாடமாகிவிடும். அப்புறம் மாற்கு சுவிசேஷம், நாளுக்குப் பாதி அதிகாரம். சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் இப்போதைக்கு வேண்டாம். லயத்தில், அந்த வரிசை வீடுகளில், பக்கத்துக் காம்பராவுக்கும் கேட்கும்தான், கேட்கட்டுமே.