ஸ்கூல் திறந்தாச்சு: பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு ஒன்றியப் பள்ளி டீச்சரோட பதில்கள்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஊராட்சி ஒன்றிய தொடக்கப்பள்ளியில இடைநிலை ஆசிரியை, ஒண்ணு ரெண்டு மூணு வகுப்பு என்கிட்டதான். முதல் பருவம் ஆரம்பிச்சாச்சு, ஒவ்வொரு ஜூனும் கேட்டுல நின்னு பெத்தவங்க கேக்குற கேள்விகளைத்தான் இங்கயும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க. முடிஞ்ச வரைக்கும் எல்லாத்துக்கும் சொல்றேன். நான் சொல்றது தமிழ்நாட்டு அரசுப் பள்ளி நடைமுறை.

கேள்வி: மேடம், பையனுக்கு ஆதார் இல்ல, பிறப்பு சான்றிதழ்லயும் பேர் இன்னும் ஏத்தல. ஒண்ணாங்கிளாஸ் சேர்த்துப்பாங்களா இல்ல அடுத்த வருஷம்னு அனுப்பிடுவாங்களா?

சேர்த்துப்பாங்க, சேர்த்தே ஆகணும். 2009 கல்வி உரிமைச் சட்டத்துல வயசு சான்று இல்லைங்கிற காரணத்துக்காக எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக்கூடாதுன்னு தெளிவா இருக்கு. ஜூலை 31க்குள்ள 5 வயசு முடியுதான்னு மட்டும் பாருங்க. முடிஞ்சா நாளைக்கே கூட்டிட்டு வாங்க, பேப்பர் எல்லாம் பின்னாடி ஒண்ணொண்ணா கொடுக்கலாம், எமிஸ்ல (மாணவர் விவரங்களைப் பதியற பள்ளிக்கல்வித் துறை கணினித் தளம்) பதியும்போது ஆதார் கேப்பாங்க, அதுக்குள்ள எடுத்துடுங்க. பேர் ஏத்துற வேலையை மட்டும் தள்ளிப்போடாதீங்க. பத்தாவது சர்டிபிகேட் வர்றப்ப ஒரு எழுத்து மாறியிருந்தாக்கூட அலைய விட்டுடும். இனிஷியல், ஸ்பெல்லிங் எல்லாம் பிறப்பு சான்றிதழ்ல, ஆதார்ல, ஸ்கூல்ல மூணுலயும் ஒரே மாதிரி இருக்கான்னு இப்பவே பாத்துக்கங்க.

கேள்வி: அக்கா, பாப்பா டெய்லி காலைல அழுது ஊரைக் கூட்டுறா. பாவமா இருக்குன்னு வாரத்துல ரெண்டு நாள் வீட்லயே வச்சுக்கறேன். ஒண்ணாங்கிளாஸ் தானே, ஒண்ணும் ஆகாதுல்ல?

இல்லம்மா, தயவு செஞ்சு அப்படி செய்யாதீங்க. இந்த ஒரு பதிலை மட்டும் எல்லாருமே படிங்கன்னு கேட்டுக்கறேன். அழற பிள்ளை ரெண்டு நாள் வீட்ல இருந்தா மூணாவது நாள் மறுபடியும் முதல்ல இருந்து அழும், ஏன்னா அழுதா வீட்ல இருக்கலாம்னு அதுக்குப் புரிஞ்சு போயிடும். தொடர்ந்து வர்ற பிள்ளைங்க பெரும்பாலும் ரெண்டு மூணு வாரத்துல அடங்கிடும், நான் பாத்த வரைக்கும் இதுல பெருசா மாத்தம் இல்ல. விடும்போது கேட்டுக்கு வெளிய நின்னு எட்டிப் பாக்காதீங்க, 'சாயங்காலம் அம்மா வந்து கூட்டிட்டுப் போறேன்'னு ஒரே வார்த்தை சொல்லிட்டு கிளம்பிடுங்க, சொன்ன நேரத்துக்கு மட்டும் கரெக்டா வந்து நில்லுங்க, லேட் பண்ணிடாதீங்க.

அப்புறம் ஒண்ணாங்கிளாஸ் தானேன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு. எழுத்து அறிமுகம் நடக்குறதே இந்த முதல் பருவத்துலதான். திங்கக்கிழமை 'ட' சொல்லிக் கொடுத்து செவ்வாய்க்கிழமை அதை வச்சு 'படம்' படிக்க வைப்போம், திங்கள் வராத பிள்ளை செவ்வாய் வந்து மலங்க மலங்க முழிக்கும், மத்த பிள்ளைங்க படிக்கிறதைப் பாத்து வாயை மட்டும் அசைக்கும். இப்படி விட்டுப்போனதுதான் நாலாங்கிளாஸ் வந்தும் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியலன்னு வந்து நிக்குது. காய்ச்சல்னா கண்டிப்பா லீவு போடுங்க. சொந்தக்காரங்க கல்யாணம், கோயில் கொடை, ரேஷன் கடையில நிக்கணும், தம்பியைப் பாத்துக்கணும், இதுக்கெல்லாம் வேண்டாம்.

கேள்வி: டீச்சர், அதே ஸ்கூல்ல தமிழ் மீடியமும் இருக்கு இங்கிலீஷ் மீடியமும் இருக்கு. எதுல போடலாம்? வீட்ல நாங்க ரெண்டு பேருமே பத்தாவது தாண்டல.

நீங்க கேட்டதால என் கருத்தை சொல்றேன், தமிழ் மீடியம். வீட்ல பேசற மொழியில பிள்ளைக்கு படிக்க வந்துட்டா அதுக்கு மேல இங்கிலீஷ் ஏத்துறது ஈசி. தமிழ் மீடியத்துலயும் ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே இங்கிலீஷ் ஒரு பாடம் இருக்குங்க, மறந்துடாதீங்க. இன்னொரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியல, அரசு வேலையில தமிழ் வழியில படிச்சவங்களுக்கு 20 சதவீதம் முன்னுரிமை இருக்கு, 2010 சட்டம், 2020ல அதைத் திருத்தி ஒண்ணாங்கிளாஸ்ல இருந்தே தமிழ் மீடியம் படிச்சிருக்கணும்னு ஆக்கிட்டாங்க. இன்னைக்கு நீங்க டிக் அடிக்கிற கட்டம் இருபது வருஷம் கழிச்சு கேள்வியா வரும். முடிவு உங்களோடதுதான், பக்கத்து வீட்ல போட்டாங்கன்னு மட்டும் போடாதீங்க.

கேள்வி: என் பொண்ணு மூணாவது. எண்ணும் எழுத்தும்ல அவளை அரும்புல வச்சிருக்காங்களாம். பக்கத்து வீட்டுப் பிள்ளை மலர்ல இருக்கு. என் பொண்ணு மக்குன்னு சொல்றாங்களா?

இல்லவே இல்லம்மா. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன்ல ஆரம்பிச்சது, முதல்ல ஒண்ணு முதல் மூணு வரைக்கும், அடுத்த வருஷம் நாலு அஞ்சுக்கும் வந்துச்சு. கொரோனாவுல ஸ்கூல் மூடிக்கிடந்த காலத்துல பிள்ளைங்க விட்டதைப் பிடிக்கணும்னு கொண்டு வந்தது. பிள்ளை எந்த வகுப்புல உக்காந்திருக்குங்கிறதை விட இப்ப அதுக்கு என்ன தெரியுதுன்னு பாத்து அங்கிருந்து ஆரம்பிக்கிறதுதான் இதுல விஷயம். அரும்புன்னா எழுத்துல இருந்தே தொடங்கணும், மொட்டுன்னா வார்த்தை, சின்ன வாக்கியம் வரைக்கும் வந்தாச்சு, மலர்னா வகுப்புக்குரிய அளவுல படிக்குது. கணக்குல மலர்ல இருக்குற பிள்ளை தமிழ்ல அரும்புல இருக்கலாம், என் வகுப்புலயே இருக்காங்க. பயிற்சி நூலும் அதுக்கேத்த மாதிரி வேற வேற.

நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான், டீச்சரைப் பாத்து 'என் பொண்ணுக்கு எந்த எழுத்து வரல, எங்க நிக்குது'ன்னு கேளுங்க. எந்த டீச்சரா இருந்தாலும் சொல்லுவாங்க, கேக்குற அம்மாவைப் பாத்தா எங்களுக்கு சந்தோஷமாத்தான் இருக்கும். வீட்ல மட்டும் அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளையை இழுத்துப் பேசாதீங்க, பிள்ளை காதுல விழும்.

கேள்வி: காலை சாப்பாடு எத்தனை மணிக்கு? என்ன போடுவாங்க? நான் 7 மணிக்கே வேலைக்குக் கிளம்பணும்.

மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே பரிமாறிடுவோம், உங்க ஸ்கூல் நேரம் கேட்டுக்கங்க, லேட்டா வந்தா பிள்ளை அவசர அவசரமா முழுங்கும். உப்புமா, கிச்சடி, பொங்கல்னு மாறி மாறி வரும், கூட காய்கறி சாம்பார். இந்தக் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 மதுரையில தொடங்கி 2023 ஆகஸ்ட்ல எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்துச்சு, அப்புறம் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் கொடுத்துட்டாங்க. உங்களை மாதிரி விடியக்காலைல வேலைக்குப் போறவங்களுக்குத்தான் இது, கூச்சமே படாம அனுப்புங்க. இது வர்றதுக்கு முன்னாடி பதினோரு மணி ஆனா வயித்தைப் பிடிச்சுக்கிட்டு டெஸ்க்ல தலையை சாய்ச்சுக்கிற பிள்ளைங்க எங்க வகுப்புல இருந்தாங்க.

கேள்வி: பேர் போட வேணாம். எங்க ஊர்ல சமைக்கிற அம்மா வேற தெரு. மாமியார் பிள்ளையை அங்க சாப்பிட விடாதேங்கிறாங்க. நான் என்ன பண்றது?

கேட்டதுக்கு நன்றிம்மா, இதைக் கேக்கவே தைரியம் வேணும். காலை சாப்பாடு சமைக்கிற அந்த அம்மா மகளிர் குழுவுல இருந்து வர்றவங்க, அவங்க பிள்ளையும் அதே ஸ்கூல்ல உங்க பிள்ளை பக்கத்துல உக்காந்துதான் சாப்பிடுது. காமராஜர் 1956ல மதிய சாப்பாடு கொண்டு வந்ததும், எம்.ஜி.ஆர். 1982ல சத்துணவுன்னு அதைப் பெருசாக்கினதும் பசிக்காக மட்டும் இல்ல, எல்லாப் பிள்ளையும் ஒரே வரிசையில உக்காரணும்னுதான். உங்க பிள்ளைக்கு இன்னும் அந்த வித்தியாசம் தெரியாது, நீங்க சொல்லிக் கொடுத்தாத்தான் தெரியும். மாமியார்கிட்ட சண்டை போடச் சொல்லல, ஒரு நாள் நீங்களே ஸ்கூலுக்கு வந்து அந்த சாப்பாட்டை வாங்கி சாப்பிட்டுட்டுப் போங்க. ஊர்ல பத்து பேர் பாக்கட்டும்.

கேள்வி: முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு?

வாழைப்பழம் கொடுப்பாங்க. சத்துணவு அமைப்பாளர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வச்சிடுங்க.

கேள்வி: யூனிஃபார்ம், பை, செருப்பு எல்லாம் எப்ப வரும்? போன வருஷம் வந்த சட்டை பையனுக்கு இறுக்கமா இருந்துச்சு.

புக்கு, நோட்டு பெரும்பாலும் திறந்த உடனே கைக்கு வந்துடும், முதல் பருவ புக்கு மட்டும்தான், ரெண்டாம் பருவத்துக்கு அக்டோபர்ல வேற, மூணாம் பருவத்துக்கு ஜனவரியில வேற, அதனால பை கனமா இருக்காது. யூனிஃபார்ம் வருஷத்துக்கு நாலு செட், தவணையா வரும். சத்துணவுல பேர் இருக்குற பிள்ளைங்களுக்குத்தான் அது, நிறைய பேர் 'நாங்க வீட்ல இருந்து டிபன் கொடுத்து அனுப்புறோம்'னு பேர் எடுத்துட்டு அப்புறம் துணி வரலன்னு கேக்குறாங்க, அதனால பேர் இருக்கட்டும். அளவு எடுக்குற அன்னைக்குப் பிள்ளை லீவுன்னா குத்துமதிப்பா எழுதுவாங்க, இறுக்கம் அங்க இருந்துதான் வருது. துணி வர்ற வரைக்கும் கலர் டிரஸ்ல வரலாம், அதுக்காக யாரும் வெளிய நிறுத்த முடியாது.

கேள்வி: எங்க ஸ்கூல்ல அஞ்சு வகுப்பு, ரெண்டே டீச்சர். எப்படி மேடம் படிப்பு வரும்? தனியாருக்கு மாத்திடலாமான்னு யோசிக்கிறேன்.

நியாயமான கவலைங்க, மூடி மறைக்க மாட்டேன். சட்டப்படி 60 பிள்ளை வரைக்கும் ரெண்டு டீச்சர், 61ல இருந்து 90 வரைக்கும் மூணு. அதனால பிள்ளைங்க குறையக் குறைய டீச்சரும் குறையும், டீச்சர் குறைஞ்சா இன்னும் பிள்ளைங்க போவாங்க, நிறைய சின்ன ஊர் பள்ளிக்கூடத்துல இதான் நடக்குது. ரெண்டு பேர் அஞ்சு வகுப்பைப் பாக்குறது கஷ்டம்தான், நானே பாக்குறேன், ஒரு பக்கம் மூணாங்கிளாஸ் எழுதும்போது இன்னொரு பக்கம் ஒண்ணாங்கிளாஸ் பாட்டு பாடும். ஆனா முப்பது பிள்ளை இருக்குற இடத்துல ஒவ்வொரு பிள்ளையோட வீட்டு நிலவரமும் எனக்குத் தெரியும். மாத்துறதுக்கு முன்னாடி பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துக்கு ஒரு தடவை வாங்க. அந்தக் குழுவுல நாலுல மூணு பங்கு பெத்தவங்கதான் இருக்கணும், மொத்தத்துல பாதி பேர் பெண்கள். அங்க தீர்மானம் போட்டு பி.இ.ஓ.வுக்கு (வட்டாரக் கல்வி அலுவலர்) அனுப்பினா அது எங்க வாய்ச்சொல்லை விட எடை ஜாஸ்தி.

கேள்வி: அஞ்சாவதுல ஃபெயில் போடுவாங்களாமே? ஆறாவது எங்க சேர்க்கலாம்?

2024 டிசம்பர்ல ஃபெயில் போடலாம்னு மத்திய அரசு விதியை மாத்தினது உண்மை, ஆனா எட்டாவது வரைக்கும் பழைய முறையேதான்னு தமிழ்நாடு சொல்லிடுச்சு. பயப்படாதீங்க. ஆறாவது பத்தி ஒரே ஒரு விஷயம், மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்குக் கொடுக்குற 7.5 சதவீத இட ஒதுக்கீடு பொதுவா ஆறாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சவங்களுக்குத்தான். நடுவுல ஒரு வருஷம் தனியார் போயிட்டு வந்தாலும் போச்சு.

கேள்வி: தை மாசம் ஆனா நாங்க குடும்பத்தோட செங்கல் சூளைக்குப் போயிடுவோம். பிள்ளை படிப்பு பாதியில நிக்குது சார்.

நான் டீச்சரம்மாதான் அண்ணா, பரவாயில்ல. கிளம்புறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க, அது ரொம்ப முக்கியம். சொன்னா எமிஸ்ல பேரை பொதுப்பட்டியலுக்கு மாத்தி விடுவோம், நீங்க போற ஊர் ஸ்கூல்ல அந்த நம்பரை சொன்னா அவங்க எடுத்துப்பாங்க. டி.சி. வர லேட்டானாலும் சேர்க்க மாட்டேன்னு சொல்லக்கூடாது, அதுவும் சட்டம். சொல்லாம போயிட்டா ரெண்டு ஊர்லயும் பிள்ளை இல்லாத மாதிரி ஆயிடும். எமிஸ் நம்பரை ரேஷன் கார்டு பின்னாடி எழுதி வச்சுக்கங்க.

கேள்வி: பையனுக்கு 6 வயசு, பேச்சு இன்னும் சரியா வரல, கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குறான். வேற ஸ்கூல் பாருங்கன்னு ஒரு இடத்துல சொல்லிட்டாங்க.

அப்படி சொல்றதுக்கு யாருக்கும் உரிமை இல்ல. உங்க பக்கத்து அரசுப் பள்ளியில சேருங்க, தலைமையாசிரியர்கிட்ட சொல்லி வட்டார வள மையத்துக்குத் தகவல் கொடுக்கச் சொல்லுங்க. அங்க சிறப்புப் பயிற்றுநர் இருக்காங்க, தெரபியும் உண்டு, மருத்துவ முகாம் வைக்கும்போது காது பரிசோதனை முதல்ல பண்ணிடுங்க, திரும்பலன்னா காதா வேற ஏதாவதான்னு அப்பத்தான் தெரியும். முகாம் வர்ற வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம், மாவட்ட தலைமை மருத்துவமனையில இல்ல அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில ஆரம்பகட்ட இடையீட்டு மையம் (பிள்ளைங்க வளர்ச்சிக் குறையை சீக்கிரமே கண்டுபிடிச்சு சிகிச்சை கொடுக்குற இடம்) இருக்கு, இந்த வாரமே போங்க.

கேள்வி: டீச்சர் அடிக்கிறாங்கன்னு பிள்ளை சொல்றான். புகார் சொன்னா அவனைத்தான் பழிவாங்குவாங்கன்னு பயம்.

அடிக்கிறதுக்கும் மனசு நோகுற மாதிரி திட்டுறதுக்கும் கல்வி உரிமைச் சட்டம் 17வது பிரிவுல தடை இருக்கு. முதல்ல தலைமையாசிரியர்கிட்ட நேர்ல பேசுங்க, கூட இன்னொரு பெத்தவங்களைக் கூட்டிட்டுப் போங்க. மாறலன்னா பள்ளிக்கல்வி உதவி எண் 14417க்கு போன் பண்ணுங்க, குழந்தைங்களுக்கான 1098ம் இருக்கு. பிள்ளை சொல்றதை நம்புங்க, 'நீ என்ன பண்ணின'ன்னு முதல் கேள்வி கேக்காதீங்க. நானும் டீச்சர்தான், இருந்தும் இதைச் சொல்றேன்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் போன வருஷம் பைக் ஆக்சிடென்ட்ல போயிட்டார். பிள்ளைங்களுக்கு ஸ்கூல் மூலமா ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும்மா. சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்துல இறந்தா, இல்ல நிரந்தரமா முடங்கிட்டா, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் உதவி இருக்கு. எஃப்.ஐ.ஆர்., இறப்பு சான்றிதழ், வாரிசு சான்றிதழ், வருமான சான்றிதழ் எடுத்துக்கிட்டு தலைமையாசிரியரைப் பாருங்க, விண்ணப்பம் ஸ்கூல் வழியாத்தான் போகணும். தள்ளிப்போடாம இந்த வாரமே போங்க.

கேள்வி: ரெண்டாங்கிளாஸ், ஹோம்வொர்க்கே கொடுக்க மாட்டேங்குறாங்க. வீட்ல என்ன படிக்க வைக்கிறது?

ஒண்ணு ரெண்டுக்கு கொடுக்காம இருக்குறதுதான் சரி, 2018ல சி.பி.எஸ்.இ. பள்ளிங்களைப் பத்தின கேஸ்ல ஹைகோர்ட்டே அப்படித்தான் சொல்லிச்சு. வாசிப்பு இயக்கம்னு குட்டி குட்டி கதைப் புத்தகம் எல்லா ஸ்கூலுக்கும் வந்திருக்கு, நுழை, நட, ஓடு, பறன்னு நாலு படி. ரெண்டாங்கிளாஸ்னா நுழைல ஒண்ணு வீட்டுக்குக் கொடுங்கன்னு டீச்சர்கிட்ட கேளுங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியலன்னாலும் பரவாயில்ல, பிள்ளையை சத்தமா படிக்கச் சொல்லி பக்கத்துல உக்காந்து கேளுங்க, நடுவுல நிறுத்தி 'அப்புறம் என்ன ஆச்சு'ன்னு கேளுங்க.

கேள்வி: ஸ்கூல்ல மாத்திரை கொடுக்குறாங்களே, பயமா இருக்கு.

ரெண்டு மாத்திரை. ஒண்ணு குடல்புழு மாத்திரை அல்பெண்டசோல், மென்னு சாப்பிடணும். இன்னொண்ணு பிங்க் கலர் இரும்புச்சத்து மாத்திரை, வாரத்துக்கு ஒண்ணு, மதியம் சாப்பிட்ட பிறகுதான் கொடுப்போம், அடுத்த நாள் மலம் கறுப்பாப் போனா பதறாதீங்க. பிள்ளைக்கு காய்ச்சல் இருந்தாலோ வேற மருந்து ஓடிக்கிட்டு இருந்தாலோ அன்னைக்குக் காலைலயே டீச்சர்கிட்ட சொல்லிடுங்க, நிறுத்தி வச்சுடுவோம். 5 வயசு டி.பி.டி. பூஸ்டர் (தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி தடுப்பூசி) போடலன்னா செவிலியர் ஸ்கூலுக்கு வரும்போது தடுப்பூசி அட்டையைக் கொடுத்து அனுப்புங்க.