பெருந்தொற்றுக் காலத்தில் உணவுக் கோளாறு திரும்பி வருமா?

தங்கைக்கு அனோரெக்சியா (எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போகும் நோய்) இருந்து சரியாகிவிட்டது, இன்னொரு பெருந்தொற்று வந்தால் அது திரும்புமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பலாம். எனக்குத் திரும்பியது.

சிகிச்சை முடிந்து நான்கு வருடம் நன்றாக இருந்தேன். 2020 ஊரடங்கின் மூன்றாவது வாரத்தில் மதியச் சாப்பாட்டை விட ஆரம்பித்தேன். அதுவரை தினமும் ஒரு மணிக்கு அலுவலகத் தோழிகள் வந்து கூப்பிடுவார்கள். அவர்களோடு உட்கார்ந்தால் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும்? அந்த ஒரு மணி என்னை எவ்வளவு தாங்கியிருக்கிறது என்பது அது இல்லாமல் போன பிறகுதான் புரிந்தது.

அப்புறம் காணொளிக் கூட்டங்கள். நாள் முழுக்க என் முகமே எனக்கு எதிரில். போனைத் திறந்தால் ஊரடங்கில் எடை கூடுவதைப் பற்றிய கேலிகள், வீட்டு உடற்பயிற்சிச் சவால்கள். எல்லோரும் உடம்பைப் பற்றியே பேசியதால் நான் பேசியது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. "எவ்வளவு கட்டுப்பாடா இருக்கே!" என்ற பாராட்டு வேறு. வெளியே எதுவுமே நம் கையில் இல்லாத நேரத்தில் தட்டு மட்டுமாவது நம் கையில் இருக்கிறதே என்று தோன்றும். அந்த ஆறுதலை நம்பித்தான் நான் திரும்ப நோய்க்குள்ளே போனேன்.

அளவுமீறி உண்ணும் கோளாறு இருப்பவர்களுக்கு வேறு மாதிரி கஷ்டம். வாங்கிச் சேர்த்த உணவு எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், கூடவே பயமும் தனிமையும்.

புதிதாக நோய் வந்தவர்களும் உண்டு. கனடாவில் குழந்தைகளுக்கான 6 மருத்துவமனைகளில், பெருந்தொற்றுக்கு முன் அனோரெக்சியா புதிதாகக் கண்டறியப்பட்ட பிள்ளைகள் மாதத்துக்குச் சராசரியாக 25 பேர் அளவில் இருந்தார்கள். 2020 முதல் அலையில் அது 41 அளவுக்கு ஏறியது.

எனக்கு உதவியது சின்ன விஷயம்தான். ஆலோசகரிடம் போனில் உண்மையைச் சொன்னேன். அவர் அந்த ஒரு மணியைத் திரும்பக் கொண்டுவரச் சொன்னார். தோழி தினமும் காணொளியில் அழைப்பாள், என் முகம் எனக்குத் தெரியாதபடி அமைத்துவிட்டு இருவரும் சேர்ந்து சாப்பிடுவோம். எடை பற்றி அவள் ஒரு நாளும் கேட்கவில்லை.

உங்கள் தங்கைக்கும் அப்படி ஒருவர் இப்போதே இருக்கட்டும், அது நீங்களாகவே இருந்தாலும் சரி. ஆள் மெலியவில்லை என்பதை வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள், பார்க்க ஒல்லியாகத் தெரியாமலும் இந்த நோய் முற்றலாம். மயக்கம், படபடப்பு, எழுந்து நின்றால் தலைசுற்றல் வந்தால் காணொளி ஆலோசனை போதாது. நாடித் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் நேரில் பார்க்க வேண்டும், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.