டீச்சரைக் கேளுங்கள்: நீலக் கோப்புறையும் நாலு டேப்லெட்டும்

கேள்வி: என் மூன்றாம் வகுப்பில் 32 பிள்ளைகள், நாலு டேப்லெட். சிலர் கதைப் புத்தகத்தைத் தாங்களே வாசிக்கிறார்கள், சிலர் இன்னும் எழுத்துக்கூட்டுகிறார்கள். ஒவ்வொரு நிலைக்கும் தனி வீடியோ செய்து செய்து தூக்கமே போய்விட்டது. வேறு வழி உண்டா டீச்சர்? - ஓர் ஆசிரியை

பதில்: முதலில் தூங்குங்கள். அந்தக் கூத்தை நானும் ஒரு வருஷம் ஆடியிருக்கிறேன். ஒரே பாடத்துக்கு மூன்று வீடியோ. பச்சை, மஞ்சள், நீலம் என்று மூன்று கோப்புறை. எது எந்த நிலை என்று யாரிடமும் மூச்சு விடவில்லை. இரண்டாம் வாரமே ஒரு சிறுமி வந்து, "டீச்சர், நான் எப்போ நீலத்திலேர்ந்து வெளியே வருவேன்?" என்றாள். அன்றே மூன்றையும் அழித்தேன்.

பாடம் ஒன்றாகவே இருக்கட்டும். பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது என்று மட்டும் பாருங்கள். ஒரு பையன், கதையாக வரும் கணக்கு என்றாலே தாளைக் கவிழ்த்துவிடுவான். கணக்கு ஏறவில்லை என்றே நினைத்திருந்தேன். ஒருநாள் ஆறு கேள்விகளையும் என் குரலில் போனில் பதிந்து, ஹெட்போனை மாட்டிவிட்டேன். ஐந்து சரி! அவனுக்குத் தகராறு வாசிப்பில்தான், கணக்கில் இல்லை. எனக்கு ஆன வேலை மூன்று நிமிஷம்.

ஆனால் அதே ஒலிப்பதிவை வாசிப்பு நேரத்தில் கொடுத்தால் கெடுதல். வாசிப்பதே அங்கே பாடம். போன் வாசித்துவிட்டால் அவன் எப்போது வாசிப்பான்? அங்கே ஏற்பாட்டைத் திருப்பிப் போட்டேன்: அவன் வாசிக்க, போன் பதிந்தது. முதல் தடவை தன் குரலைக் கேட்டுச் சிரித்தான். இரண்டாம் தடவை, "இங்க ஒரு வார்த்தையை விட்டுட்டேன்" என்று அவனே பிடித்தான்.

டேப்லெட் நாலுதானே என்று கவலைப்படாதீர்கள். இரண்டிரண்டு பேராக எட்டுப் பேர் பார்க்கட்டும், மற்றவர்கள் நோட்டில் வேலை செய்யட்டும், அப்புறம் மாறிக்கொள்ளட்டும். எல்லோருக்கும் ஒரே வீடியோ போதும், நிறுத்தும் பொத்தான் அவர்கள் கையில் இருந்தால். பாடத்தைச் சின்னத் துண்டுகளாக்கி, அடுத்ததற்குப் போவதைக் கற்பவர் கையிலேயே விட்டால் நன்றாகப் புரிகிறது என்று ரிச்சர்ட் மேயர் போன்ற உளவியலாளர்கள் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். படம் ஓடக் குரல் விளக்கும்போது, அதே வாக்கியங்களைத் திரையில் எழுதி நிரப்புவதும் பெரும்பாலும் இடைஞ்சல்தான் என்கிறார்கள். கண் படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் பார்ப்பதா? மொழி புதிதாக இருக்கும் பிள்ளைக்கு எழுத்து உதவலாம். அதை நீங்களே பார்த்து முடிவு செய்யுங்கள்.

கேள்வி: என் மகன் 'பார்த்துக் கற்கும் வகை' என்கிறார்கள். வீடியோ மட்டும் போட்டால் போதுமா? - ஒரு தந்தை

பதில்: போதாது சார். பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று பிரித்துச் சொல்லிக் கொடுப்பதால் பயன் உண்டு என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஹெரால்ட் பாஷ்லரும் மூன்று உளவியலாளர்களும் 2008இலேயே அலசி எழுதிவிட்டார்கள். வகையைப் பார்க்க வேண்டியது பாடத்தில். வரைபடத்தை யாராக இருந்தாலும் பார்த்துத்தான் ஆக வேண்டும், உச்சரிப்பைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். பையன் மேல் சீட்டு ஒட்டாதீர்கள்.

கேள்வி: பிள்ளையின் விடையைப் பார்த்துத் தானே நிலையை ஏற்றி இறக்கும் ஆப் இருக்கிறதே. பிரித்துக் கற்பிக்கும் வேலையை அதனிடமே விட்டுவிடலாமா? - இன்னோர் ஆசிரியர்

பதில்: பயிற்சிக்கு நல்லது, என் வகுப்பிலும் ஓடியது. ஒரு பெண்ணுக்கு 52-இலிருந்து 27 போனால் 35. அடுத்ததும் அப்படியே தப்பு. ஆப் அவளைச் சுலபமான கணக்குகளுக்கு இறக்கியது. கடன் வாங்கத் தேவையில்லாத கழித்தல்கள் என்பதால் எல்லாம் சரி, ஒரே நட்சத்திர மழை. மேலே ஏறியதும் மறுபடி தப்பு. பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படிப் போட்டே, சொல்லு" என்றேன். "ஏழுலேர்ந்து ரெண்டு போனா அஞ்சு" என்றாள். மேலே இருந்தாலும் கீழே இருந்தாலும் பெரியதிலிருந்து சின்னதை எடுப்பது அவள் கணக்கு. பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்து அவள் கையில் கொடுத்தேன்.