வெர்தூனில் கைகோத்தவர்கள்

வணக்கம் ஐயா,

ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறேன். மகனுடைய வரலாற்றுப் பாடப் புத்தகத்தில் ஒரு படம். பிரெஞ்சு அதிபர் மித்தரானும் ஜெர்மன் சான்சலர் கோலும் ஒரு சவப்பெட்டிக்கு முன்னால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். "இத்தனை பேர் செத்த பகை ஒரு போட்டோவில் தீர்ந்துவிட்டதா?" என்கிறான் மகன். எனக்கும் கேமராவுக்குச் செய்த நாடகமாகத்தான் படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

கேமராக்கள் இருந்தன, உண்மைதான். 1984 செப்டம்பர் 22 அன்று பிரான்சிலுள்ள வெர்தூனில் நடந்தது அரசு விழா. மலர்வளையம், ராணுவ வாத்தியம், சவப்பெட்டி மேல் இரு நாட்டுக் கொடிகள் எல்லாம் முன்பே பேசிவைத்தவை. கை மட்டும் நிகழ்ச்சி நிரலில் இல்லை. மித்தரான்தான் முதலில் கை நீட்டினார் என்று கோல் பிற்பாடு சொன்னார்.

சரி, நாடகம் என்றே வைத்துக்கொள்வோம். அவர்கள் நின்ற இடத்தைப் பாருங்கள். முதல் உலகப் போரில், 1916 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை பிரெஞ்சுக்காரரும் ஜெர்மானியரும் போட்ட சண்டையில் அங்கே இரு தரப்பிலும் செத்தவர்கள் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர். விழா நடந்த தூவோமோன் எலும்பு மண்டபத்துக்குள் அடையாளம் தெரியாத சுமார் 1,30,000 வீரர்களின் எலும்புகள் குவிந்து கிடக்கின்றன. வெளியே குனிந்து சின்ன ஜன்னல்கள் வழியாகப் பார்க்கலாம். எது பிரெஞ்சுக்காரர் எலும்பு, எது ஜெர்மானியர் எலும்பு என்று யாராலும் பிரிக்க முடியாது.

இருவருக்கும் சொந்தக் கணக்கும் இருந்தது. மித்தரான் 1940 ஜூனில் அதே வெர்தூன் பக்கத்தில் காயம்பட்டு ஜெர்மானியரிடம் பிடிபட்டவர். மூன்றாவது முயற்சியில்தான் கைதி முகாமிலிருந்து தப்பினார். கோலின் அண்ணன் இரண்டாம் உலகப் போரில் பதின்வயதிலேயே இறந்துபோனார்.

மகன் கேட்டதற்கு வருகிறேன். போட்டோவில் எதுவும் தீரவில்லை. அன்றைய பிரெஞ்சு அதிபர் தெ கோலும் (இவர் வேறு கோல்) ஜெர்மன் சான்சலர் அடினாவரும் எலிசே ஒப்பந்தம் என்ற நட்புறவு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1963இல். அதே ஆண்டு இரு நாட்டு இளைஞர்களுக்கென்று ஒரு பரிமாற்ற அலுவலகம் தொடங்கினார்கள். இங்குள்ள பிள்ளை அங்கே ஒரு வீட்டில் போய்த் தங்கும், அங்குள்ளது இங்கே வரும். இப்படியே 21 வருடம் ஓடிய பிறகுதான் இந்தக் கை. உங்கள் மகனின் பள்ளியிலும் அந்தப் பரிமாற்றம் இருக்கக்கூடும், விசாரித்துப் பாருங்கள்.

எனக்கு அந்தப் படம் பிடித்ததற்குக் காரணம் வேறு. கைகுலுக்க எதிரெதிரே நிற்க வேண்டும். கைகோத்தால் இருவரும் ஒரே திசையைப் பார்க்கலாம். அவர்கள் முன்னே சவப்பெட்டி இருந்தது. நம்மூரில் இரண்டு ஆண்கள் சுண்டுவிரல் கோத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அங்கே இருவர் செய்தது பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டது! அப்புறம், கோல் 1.93 மீட்டர் உயரம். பக்கத்தில் மித்தரான் ரொம்பச் சின்னவராகத் தெரிகிறார். பார்க்கக் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கிறது. ஒத்திகை பார்த்திருந்தால் இன்னும் ஒழுங்காக நின்றிருப்பார்கள் என்று தோன்றுகிறது.

அதன் பிறகும் உரசல் இருந்தது. 1989 நவம்பரில் கிழக்கு, மேற்கு ஜெர்மனிகளை இணைப்பதற்கான பத்து அம்சத் திட்டத்தை மித்தரானிடம் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லாமல் கோல் அறிவித்தார். மித்தரானுக்கு அந்த இணைப்பிலேயே தயக்கம் இருந்தது. ஆனாலும் பேச்சை முறித்துக்கொள்ளவில்லை.

1996 ஜனவரியில் மித்தரான் மறைந்தபோது, பாரிஸ் நோத்ர்தாம் தேவாலயத்தில் நடந்த இரங்கல் பூசையில் கோல் அழுதார். அங்கேயும் கேமராக்கள் இருந்தன.